வீட்டு ரவுட்டரின் பாதுகாப்பு பற்றிப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம்.

சென்ற வாரம் தரம் 10 மாணவி ஒருவரின் தாயார் என்னைச் சந்தித்தார். மாதத்துக்குப் போட்ட டேட்டா சில நாளிலேயே தீர்ந்துவிடுகிறது, எதைத் திறந்தாலும் சூதாட்ட விளம்பரம் வந்து விழுகிறது என்றார். எங்கள் தகவல் தொழில்நுட்ப ஆசிரியை அவருடைய ரவுட்டரின் (வீட்டுக்கு வைஃபை தரும் பெட்டியின்) அமைப்புகளைத் திறந்து பார்த்தார். வீட்டில் இருப்பது இரண்டு போன். இணைந்திருந்த கருவிகளின் பட்டியலில் ஏழு பெயர்கள். ரவுட்டருக்குள் நுழையும் பாஸ்வேர்ட் இன்னும் கடையில் வாங்கியபோது இருந்த 'அட்மின்' தான்.

யாரோ உள்ளே வந்திருக்கலாம். யார் என்று தெரியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மேல் பழி போட வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். ஒட்டி ஒட்டி இருக்கும் நம் லய வீடுகளில் சுவர் தாண்டி சிக்னல் போகும். கேட்டவர்களுக்கு வைஃபை கொடுப்பதும் நம் வழக்கம். 2020இல் பாடசாலைகள் மூடியிருந்தபோது அப்படிக் கொடுத்த வீடுகளால்தான் பல பிள்ளைகள் படித்தார்கள். அதை நிறுத்தச் சொல்லி இக்கடிதத்தை எழுதவில்லை.

பலருக்குத் தெரியாத விஷயம், ரவுட்டருக்கு இரண்டு பாஸ்வேர்ட் உண்டு என்பது. ஒன்று வைஃபையில் இணைய. மற்றது ரவுட்டரின் அமைப்புகளையே மாற்ற; இதுதான் அட்மின் பாஸ்வேர்ட். இரண்டாவது பிறர் கைக்குப் போனால், நீங்கள் தேடும் இணையதளத்துக்குப் பதிலாக வேறொன்றுக்கு உங்களைத் திருப்பிவிட முடியும். 2016இல் 'மிராய்' என்ற தீய நிரல் உலகெங்கும் லட்சக்கணக்கான ரவுட்டர்களையும் கேமராக்களையும் பிடித்தது, தொழிற்சாலையில் வைத்த சுமார் 60 பெயர், பாஸ்வேர்ட்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத்தான். கருவியை அணைத்துப் போட்டால் அந்த நிரல் அழிந்துவிடும். ஆனால் பழைய பாஸ்வேர்டே இருந்தால் சற்று நேரத்தில் திரும்ப வந்துவிடும்.

ஆகவே சந்தேகம் வந்தால் வைஃபை பாஸ்வேர்டை மட்டும் மாற்றி விட்டுவிடாதீர்கள். பெட்டியின் பின்னாலோ அடியிலோ 'ரீசெட்' என்று ஊசித் துளை அளவில் ஒரு பட்டன் இருக்கும். மின்சாரம் இருக்கும்போது பத்து விநாடி போல அழுத்திப் பிடித்தால் எல்லாம் அழிந்து புதிதாகத் தொடங்கும். ஃபைபர், தொலைபேசி வயர் இணைப்பு உள்ளவர்கள் மட்டும் முதலில் இணைப்புக் கம்பனியிடம் கேளுங்கள். அவர்கள் போட்டுக்கொடுத்த விபரமும் சேர்ந்து அழியலாம். பிறகு, மற்றப் போன்களை இணைக்கும் முன்பே, பெட்டியின் அடியில் ஒட்டியுள்ள முகவரியை (பெரும்பாலும் 192.168.8.1 அல்லது 192.168.1.1) போனில் திறந்து அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். மென்பொருள் அப்டேட் இருந்தால் போடுங்கள். டபிள்யூபிஎஸ் (பாஸ்வேர்ட் இல்லாமல் பட்டனாலோ குறியீட்டு எண்ணாலோ இணையும் வசதி), வெளியிலிருந்து இணையம் வழியே ரவுட்டரை இயக்கும் வசதி இரண்டையும் நிறுத்துங்கள். வைஃபையின் பாதுகாப்பு முறை (சிக்னலைப் பூட்டி வைக்கும் முறை) டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 ஆக இருக்கட்டும்.

வைஃபை பாஸ்வேர்டாகப் போன் நம்பரை வைக்காதீர்கள். நம் ஊரில் அநேகமாக எல்லோரும் செய்வது இதுதான். 07 என்று தொடங்குவது எவருக்கும் தெரியும். மீதி எட்டு இலக்கங்களையும் வரிசையாகப் போட்டுப் பார்ப்பது ஒரு நல்ல கணினிக்குப் பெரிய வேலையே அல்ல. தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள். உங்களுக்கு மறக்காது, பிறருக்குப் பிடிபடாது. அக்கம்பக்கத்தாருக்கு 'கெஸ்ட்' (விருந்தினர்) வைஃபை என்று தனியாக ஒன்று திறந்து கொடுக்கலாம். பல ரவுட்டர்களில் அந்த வசதி உண்டு.

இந்த வேலையைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு எழுந்து போகாதீர்கள். கூடவே உட்காருங்கள். பாஸ்வேர்ட் உங்கள் கொப்பியில், உங்கள் கையில் இருக்க வேண்டும். வீட்டுக்கு யார் வரலாம் என்று தீர்மானிப்பவர்கள் நீங்கள்தானே. ரவுட்டர் சரியான பிறகு மின்னஞ்சல், வங்கி, ஃபேஸ்புக் பாஸ்வேர்ட்களையும் மாற்றிவிடுங்கள்.

அனுமதியின்றிப் பிறர் கணினிக்குள் நுழைவது இலங்கையின் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றங்கள் சட்டப்படி குற்றம். பணம் போயிருந்தாலோ பிள்ளையின் படங்கள் வெளியே போயிருந்தாலோ மறைக்காதீர்கள். பொலிஸில் சொல்லுங்கள், எனக்கும் சொல்லுங்கள். பிள்ளையை யாரும் ஏச மாட்டோம்.

தனியாகச் செய்யத் தயங்குகிறவர்கள் வருகிற ஞாயிறு காலை 9 முதல் 12 மணிக்குள் கணினி அறைக்கு வாருங்கள். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்றே ஞாயிறு வைத்தோம். ரவுட்டரையும் அதன் சார்ஜர் வயரையும் மறக்காமல் கொண்டு வாருங்கள். கட்டணம் எதுவும் இல்லை.

இப்படிக்கு,
அதிபர்