வலை நூலில் சேதுபதி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே அனைவரும் நலம். அம்மாவுக்கு மட்டும் மூட்டுவலி. பங்காளி புதுப்படகு வாங்கிவிட்டான்; என்ன பெயர் வைப்பது என்று அண்ணன் தம்பிகளுக்குள் இன்னும் சண்டை. அவன் சங்கதி உனக்குத் தெரியாததா! ஆனால் நீ அருங்காட்சியகத்தில் மாணவர் நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பேற்றதை உன் தங்கை சொல்லித்தான் நான் அறிய வேண்டுமா? கோபம் இருக்கிறது. அதைவிடச் சொல்ல வேண்டிய விஷயம் பெரிதாக இருக்கிறது.

அக்கா மகனை இராமநாதபுரம் அரண்மனையில் சுவரோவியங்கள் உள்ள இராமலிங்க விலாசத்துக்கு அழைத்துப் போனேன். பார்வையில்லாத பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று வீட்டில் ஆளாளுக்குக் கேட்டார்கள். இராமநாதபுரத்து அரசர் முத்து விஜயரகுநாத சேதுபதிக்கு மதுரை அரசர் விஜயரங்க சொக்கநாத நாயக்கர் மணிகளைக் கொட்டி இரத்தினாபிஷேகம் செய்யும் ஓவியத்தை விவரித்தேன். அவன் விடவில்லை. "நாயக்கர் எந்தப் பக்கம் நிற்கிறார் மாமா? மணிகளை எந்தக் கையால் கொட்டுகிறார்? சுற்றி நிற்பவர்கள் யாரைப் பார்க்கிறார்கள்?" ஒவ்வொன்றுக்கும் சுவரைத் திரும்பப் பார்த்துத்தான் பதில் சொன்னேன்.

பதினெட்டாம் நூற்றாண்டுச் சுவரில் கை வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. அதனால் வீட்டுக்கு வந்து அட்டையில் படம் வரைந்து, கோடுகளின் மேல் வலை நூலை ஒட்டினேன். அரசருக்குத் தடித்த நூல், மற்றவர்களுக்கு மெல்லியது. விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "நகைகளை எல்லாம் எடுத்துவிடுங்கள், முதலில் ஆள் தெரியட்டும்" என்றான். எடுத்தேன். அதன்பிறகு அபிஷேகத்தை அவனே தன் அம்மாவுக்கு விளக்கினான்! அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் தொட்டுணரும் பிரதிகளுக்கென்றே 'அனுபவ்' கூடம் 2015இல் வந்துவிட்டது. அதே ஆண்டு மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் ஓவியங்களைப் புடைப்பாகச் செய்து தொடக் கொடுத்தார்கள். கலையை மாற்றுத்திறனாளிகளுக்கு எட்டச் செய்ய வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29ஆவது பிரிவே சொல்கிறது. எனவே, மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3 அன்று ஒருநாள் கூப்பிட்டு இனிப்புக் கொடுத்து அனுப்பும் நிகழ்ச்சியை மட்டும் நடத்திவிடாதே. வழக்கமான வகுப்பிலேயே அவர்களும் இருக்கட்டும். திட்டம் போடும்போதே அவர்களைக் கூப்பிட்டுக் கேள். எல்லாம் முடிந்தபின் கருத்துக் கேட்பதில் பயனில்லை.

இன்னொன்று. காது கேளாத பிள்ளைகள் சைகையையும் ஓவியத்தையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. விளக்குபவர் சொல்லி நிறுத்திவிட்டு, அவர்கள் படத்தைப் பார்த்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். சைகைமொழி பெயர்ப்பவர் முகத்திலும் கையிலும் வெளிச்சம் விழ வேண்டும். செலவே இல்லாத காரியங்கள் இவை, மாப்பிள்ளை. இவற்றைக்கூடச் செய்யாமல் நிதி இல்லை என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்கு ஆறவில்லை.

சூடு காட்டினால் கறுப்புக் கோடுகள் மட்டும் புடைத்தெழும் தாள் ஒன்று உண்டு. சென்னையில் எங்கே கிடைக்கும், என்ன விலை என்று விசாரித்து உடனே எழுது. தஞ்சை மராத்தியரோடு நடந்த போர்க் காட்சி அடுத்து வேண்டுமாம் அக்கா மகனுக்கு. அத்தனை வீரர்களையும் நூலில் ஒட்ட என்னால் ஆகாது.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை
தேவிபட்டினம்