ஏழாவது விநாடியில் கரண்ட் போனது

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது, தைலம் தேய்ப்பதைத்தான் இன்னும் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ பொரிந்து தள்ளியதே காதில் நிற்கிறது. உங்கள் கம்பெனி வீடியோ கேமுக்காக நீ நான்கு மாதம் உட்கார்ந்து எழுதின கதைக் காட்சிகளை, ஆடிப் பார்க்க வந்த பையன்கள் ஒருத்தன் விடாமல் ஸ்கிப் பண்ணிவிட்டார்கள். ‘துப்பாக்கி கேமுக்குக் கதை எதற்கு, வெட்டு’ என்று மேலே இருப்பவர் சொல்லிவிட்டார். போனில் எனக்குச் சட்டென்று பதில் வராது, உனக்குத் தெரியுமே. அதனால்தான் லெட்டர்.

முதலில் அந்த மேலே இருப்பவருக்காகக் கொஞ்சம் பேசிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. மஞ்சக்குப்பத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த காலத்தில் நமக்குச் சோறு போட்டது இன்டர்நெட் இல்லை, கவுண்டர் ஸ்ட்ரைக் (சி.எஸ்.) என்ற துப்பாக்கி கேம். ரிசல்ட் பார்க்க வருகிறவன் பத்து நிமிஷத்தில் எழுந்து போய்விடுவான். சி.எஸ். ஆட வருகிறவனை ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கித்தான் கிளப்ப முடியும். அதில் என்ன கதை இருந்தது? ஒரு கூட்டம் குண்டு வைக்கும், இன்னொரு கூட்டம் அதைச் செயலிழக்க வைக்கும். அவ்வளவுதான். போன வாரம் பரணை ஒழிக்கும்போது அந்தக் காலத்துக் கீபோர்டு ஒன்று கிடைத்தது. ஆட்டத்தில் ஆளை நகர்த்த அழுத்துகிற டபிள்யூ, ஏ, எஸ், டி நான்கு பட்டனிலும் எழுத்தைக் காணோம். கெடிலத்துக் கூழாங்கல் மாதிரி வழுவழு என்று இருக்கிறது. மற்ற எழுத்தெல்லாம் கடையில் வாங்கின அன்றைக்கு இருந்தபடியே.

ஆனால் கதை இல்லாத அந்த ஆட்டத்தில் கதை எங்கிருந்து வந்தது என்று நீயும் பார்த்திருக்கிறாய். செத்தவன் ரவுண்டு முடியும்வரை சும்மா இருக்க வேண்டும் அல்லவா, அவனெல்லாம் எழுந்து மிச்சமிருப்பவன் நாற்காலிக்குப் பின்னால் நின்று கத்துவான். அன்றைக்கு ஒரு பாலிடெக்னிக் பையன் கடைசி ஆளாக நின்றான். கையில் கிட் இருந்தால் 5 விநாடியில் குண்டை எடுத்துவிடலாம், இல்லாவிட்டால் 10 விநாடி. ஆட்டத்துக் காசில் 200 டாலர் ஆகும் அந்தக் கிட்டை வாங்காமல் பெரிய ஸ்நைப்பருக்குக் காசு சேர்த்திருந்தான் கஞ்சப்பயல். உட்கார்ந்து எடுக்கிறான், பின்னால் எட்டுப் பேர் எண்ணுகிறார்கள். ஏழு என்று சொல்லும்போது கரண்ட் போனது. யு.பி.எஸ். பாட்டரியை மாற்றாமல் ஆறு மாதம் தள்ளிப்போட்டது என் தப்பு, அதை இன்றைக்கும் ஒத்துக்கொள்கிறேன். அந்தக் குண்டு வெடித்திருக்குமா வெடித்திருக்காதா என்று வாசல் டீக்கடையில் ஒரு வருஷம் பேசினார்கள். இப்போது அந்தப் பையனுக்குக் கல்யாணமாகிக் குழந்தை இருக்கிறது. தேவனாம்பட்டினம் பீச்சில் பார்த்தேன். ‘அங்கிள், நான் எடுத்திருப்பேன்’ என்றுதான் பேச்சை ஆரம்பித்தான்.

5, 10 என்ற அந்த இரண்டு எண்தான் அங்கே கதாசிரியர். உன் ஆபீஸ்காரர் சொல்வதில் இந்த அளவுக்கு நியாயம் உண்டு.

அப்புறம் நீ. ஒன்பதாவது படிக்கும்போது, கூட்டம் இல்லாத மத்தியானங்களில், அதே கம்ப்யூட்டரில் ஹாஃப் லைஃப் என்ற கேமைத் திறப்பாய். கவுண்டர் ஸ்ட்ரைக்கே அதை வைத்துப் பண்ணினதுதானே, ஆனால் மற்ற பையன்கள் அதைத் தொடவே மாட்டார்கள். ஆரம்பத்தில் ஒரு டிராம் போய்க்கொண்டே இருக்கும். துப்பாக்கி இல்லை, எதிரி இல்லை. விழுப்புரம் பாசஞ்சரில் ஜன்னலோரம் உட்கார்ந்த மாதிரி வேடிக்கை பார்த்துக்கொண்டு போவாய். ஸ்கிப் பட்டனை நீ தேடினதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஏன் என்று இப்போதுதான் யோசித்தேன். அந்தப் பெட்டிக்குள் நீ நடக்கலாம், திரும்பலாம், எந்தப் பக்கம் பார்ப்பது என்பது உன் இஷ்டம். கை உன்னிடமே இருந்தது.

அதற்கப்புறம் வருகிற தள்ளுவண்டிதான் எனக்கு முக்கியம். ஒரு சாம்பிளை வண்டியில் வைத்து மெஷினுக்குள் தள்ளச் சொல்வார்கள். நீயே தள்ளுவாய். அதோடு அந்த ஆராய்ச்சிக்கூடமே நாசமாகும். இதையே படமாகக் காட்டியிருந்தால் யாரோ ஒரு விஞ்ஞானி செய்த தப்பு. தள்ளினது உன் விரல் என்பதால் நீ ‘அய்யோ’ என்று நாற்காலியைப் பின்னால் இழுத்தாய். நான் கல்லாவில் இருந்து எட்டிப் பார்த்தேன். அதில் நீயாக ஆடுகிற ஆள், கார்டன் ஃப்ரீமேன், கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை. கேமரா அவன் கண்ணை விட்டு நகரவும் இல்லை.

பையன்கள் ஸ்கிப் பண்ணினதை வைத்து அவர்களுக்குக் கதை பிடிக்காது என்று முடிவு கட்டாதே. நீ காட்சி போடும்போதெல்லாம் அவர்கள் கையில் இருப்பதைப் பிடுங்கிக்கொள்கிறாய் என்று எனக்குத் தோன்றுகிறது. பேசி முடிக்கும்வரை சோற்றில் கை வைக்காதே என்றால் எந்தப் பிள்ளை கேட்கும்?

போனில் ஏதோ வாய்க்குள் நுழையாத வார்த்தை சொன்னாயே, லூடோநேரட்டிவ் டிஸனன்ஸ். எழுதி வைத்துக்கொண்டு தேடிப் படித்தேன். பயோஷாக் என்ற கேம் வந்த 2007லேயே கிளின்ட் ஹாக்கிங் என்பவர் அந்தக் கேமைப் பற்றித்தான் அப்படி எழுதியிருக்கிறார். உன்னைப் பார்த்துக்கொள் என்கிறது ஆட்டம், இன்னொருத்தனுக்கு உழை என்கிறது கதை, இரண்டும் ஒட்டவில்லை என்று. இருக்கலாம். ஆனால் அந்தக் கேமுக்குள் ரேடியோவில் ஒருத்தன் ‘தயவுசெய்து’ போட்டுப் போட்டு வேலை வாங்கினதும், அந்த வார்த்தைதான் உன்னை ஆட்டி வைத்த சாவி என்று தெரிந்ததும், நீ அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் பேசவே இல்லை. அந்த ஒரு இடத்தில் கீபோர்டைப் பிடுங்கினார்கள், அதற்குக் காரணம் இருந்தது. அதற்கப்புறம் வேறொரு குரல் வந்து வேலை சொல்ல, பழையபடி தலையாட்டிக்கொண்டு போக வேண்டியிருந்ததே, அது மட்டும் எனக்கு ஏமாற்றம்தான்.

இதெல்லாம் புதுசு இல்லை, தம்பி. பண்ருட்டிப் பக்கம் நம் ஊர் திரௌபதி அம்மன் திருவிழாவை நினைத்துப் பார். மத்தியானம் பாரதம் படிப்பார்கள், பெரியவர்கள் மட்டும் உட்கார்ந்திருப்பார்கள். ராத்திரிக் கூத்தில் பாதி ஜனம் பாயில் படுத்துவிட்டு ‘துகில் உரியும்போது எழுப்பு’ என்று சொல்லும். அதுவும் ஸ்கிப்தானே? ஆனால் அருச்சுனன் தபசு அன்றைக்கு ஒருத்தர் தூங்கமாட்டார். வேஷக்காரர் தபசு மரத்தில் ஒவ்வொரு படியாகப் பாடிக்கொண்டே ஏறுவார். பாட்டை முடித்துவிட்டு ஏறுவதில்லை, ஏறி முடித்துவிட்டுப் பாடுவதும் இல்லை. மேலே போய் எலுமிச்சம்பழமும் விபூதியும் வீசுவார். பிள்ளை வரம் வேண்டிப் பெண்கள் கீழே மடியேந்தி நிற்பார்கள். கதை சிவனுக்கும் அருச்சுனனுக்கும் நடுவில்தான், ஆனால் பழம் விழுவது கீழே நிற்கிறவர் மடியில். உன் அம்மாவும் ஒரு வருஷம் நின்றாள். அவள் பிடித்த பழத்துக்கு அடுத்த வருஷம் நீ பிறந்தாய்.

வேலை ஒரு வருஷம் இழுக்கும் போலிருக்கிறது என்று வருத்தப்பட்டாயே. ஹாஃப் லைஃப் 1997 கடைசியில் வரவேண்டியது. பண்ணினதில் பெரும்பகுதியைத் தூக்கிப்போட்டுத் திரும்பப் பண்ணி 1998 நவம்பரில்தான் விட்டார்கள். நீ எழுதினதில் எது நடக்கும்போது சொல்லக்கூடியது, எது கதவைத் திறக்கும்போது தெரியக்கூடியது என்று ஒரு நோட்டில் பிரித்துப் பார். மிச்சத்தை வெட்டட்டும், விடு.

இந்த வருஷம் தபசு எந்த நாள் என்று தெரிந்ததும் சொல்கிறேன். லீவு போட்டு வா. கீபோர்டைத் துடைத்து உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன்.

அம்மா ஒன்று கேட்கச் சொன்னாள். அந்த ஸ்கிப் பட்டனையே எடுத்துவிட்டால் என்ன என்கிறாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, நீயே போன் பண்ணி அவளிடம் சொல்லு.

அன்புடன்,
அப்பா