‘நேத்து ராத்திரி நிலவரம்’ சொன்ன எல்லோருக்கும்

அன்புள்ள சொந்தங்களுக்கும் சிநேகிதங்களுக்கும், பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாத இன்னும் சிலருக்கும்,

வணக்கம். அம்மாவைச் செங்கோட்டைப் பக்கத்தில் இருக்கும் ஊரில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து மாதங்கள் ஓடிவிட்டன. அந்த ஊரடங்குக் காலத்தில் வழி சொன்ன அவரவருக்குப் போனில் நன்றி சொன்னதுதான். ஆனால் இப்போது, இந்த 2021 பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் எங்களிடமே வழி கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். நாங்கள் சொல்கிற எதுவும் எங்கள் சொந்தச் சரக்கு இல்லை, எல்லாம் உங்களிடம் கேட்டு வாங்கியது. அதை நாலு பேர் அறியச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்த மடல்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. அம்மா மாசி மாதம் ஒரு காதுகுத்துக்காகச் சென்னை வந்தாள். முடிந்ததும் பொதிகை ரயிலில் ஏறிவிடுவதாகத் திட்டம். 2020 மார்ச் 24 மாலை ஆறு மணியோடு தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு வந்தது, மறுநாள் நாடு முழுக்கக் கொரோனா ஊரடங்கு. ரயில் நின்றது, பஸ் நின்றது. அம்மாவின் ஊர் வீடு பூட்டிக் கிடந்தது. எழுபதைத் தாண்டியவள், சர்க்கரை வேறு. தாம்பரத்து ஃபிளாட்டின் இரண்டு அறைக்குள் அவளை அடைத்துவைத்திருந்தது எங்களைவிட அவளுக்குத்தான் கஷ்டம். வைகாசி முடிவதற்குள், ‘என்னைக் கொண்டுபோய் விடுங்க’ என்பது காலைக் காபியோடு சேர்ந்தே வர ஆரம்பித்துவிட்டது.

முதல் நன்றி, எங்களை வராதே என்று சொன்ன அத்தைக்கு. ஜூலையில், மாவட்டம் தாண்டுவதற்கான இ-பாஸுக்கு விண்ணப்பிக்க நாங்கள் உட்கார்ந்த அன்றுதான் அவர் போன் செய்தார். “ஏளா, இப்ப வராத. மெட்ராஸ்ல இருந்து வந்தவங்கள எல்லையில நிறுத்தி சளி எடுக்காங்க. முடிவு வர்ற வரைக்கும் எங்கயோ கொண்டுபோய் வைக்காங்க. உங்கம்மாவை அங்க யாரு பாப்பா?” இதை எப்படிச் சொல்கிறார் பாருங்கள் என்று அன்றைக்கு எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. தெருவில் சென்னைக்காரர் வீட்டைத் தகரம் அடித்து அடைத்திருப்பதையும், அந்த வீட்டுக்குப் பால் ஊற்றக்கூட ஆள் தயங்குவதையும் அவர் மறைக்காமல் சொன்னார். சொந்தக்காரர்கள் பெரும்பாலும் ‘வாங்க, பாத்துக்கலாம்’ என்று சொல்லிவிட்டுப் பிறகு முழிப்பார்கள். அத்தை அந்த ரகம் இல்லை. ஆகஸ்ட் கடைசியில் அவரே மறுபடி கூப்பிட்டு, “தகரத்தை எடுத்துட்டாங்க, இப்ப கெளம்பி வா” என்றார். அந்த இரண்டாவது போன்தான் எங்களுக்கு உண்மையான இ-பாஸ்.

இன்னொன்று அந்த நேரத்தில்தான் உறைத்தது. தென்காசி திருநெல்வேலியில் இருந்து பிரிந்து தனி மாவட்டமானது 2019 நவம்பரில். செங்கல்பட்டும் கள்ளக்குறிச்சியும் அதே மாதம்தான். மாவட்டம் தாண்டினால் இ-பாஸ் என்ற விதி வந்தபோது, தென்காசிக்காரர் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போவதும் மாவட்டம் தாண்டுவதாகிவிட்டது. ஆறு மாதத்துக்கு முந்தி போட்ட கோடு அவ்வளவு சீக்கிரம் செக்போஸ்ட் ஆகும் என்று யார் எதிர்பார்த்தார்கள்?

நடுவில் ஒரு யோசனை வந்தது. கல்யாணப் பத்திரிகை ஒன்று அடித்து இணைத்தால் பாஸ் உடனே வரும், ஆயிரம் ரெண்டாயிரம் கொடுத்தால் முடித்துத் தரவும் ஆள் இருக்கிறது என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். அவர்களுக்கு இந்த மடலில் இடமில்லை. கோபித்துக்கொள்ள வேண்டாம். அப்படிப் பாஸ் விற்றவர்கள் கைதான செய்தி பின்னால் பேப்பரில் வந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஆகஸ்ட் 17 முதல் ஆதார் அல்லது ரேஷன் அட்டை விவரமும் போன் நம்பரும் கொடுத்தால் கேட்டவர்களுக்கெல்லாம் பாஸ் என்றார்கள். செப்டம்பர் 1 முதல் மாநிலத்துக்குள் பாஸே வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை முழு ஊரடங்கும் இல்லை என்றார்கள். வெளியூர் பஸ்ஸும் ரயிலும் 7-ஆம் தேதிதான் தொடங்கவிருந்தன. அதற்குள் காரில் போய்விடுவது என்று முடிவு செய்தோம். விதி என்ன என்பது டிவியில் மணிக்கொருதரம் ஓடியது. ஆனால் விக்கிரவாண்டியில் டீ கிடைக்குமா, சர்க்கரைக்காரியான வயசான பொம்பளை எங்கே இறங்கி ஒன்றுக்குப் போவது என்பதை எந்த டிவியும் சொல்லவில்லை.

அதைச் சொன்னவர் லாரி அண்ணாச்சி. அம்மாவின் ஊர்க்காரர். புளியங்குடியில் எலுமிச்சையும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு வருவார். கோயம்பேடு மூடிக் கிடந்த மாதங்களில் திருமழிசைத் தற்காலிகச் சந்தையில் இறக்கிவிட்டு, வெளிவட்டச் சாலை வழியாக வண்டலூர் வந்து தெற்கே திரும்புவார். ஊரே வீட்டுக்குள் இருந்தபோது அந்தச் சாலையைப் பார்த்துக்கொண்டே இருந்தவர். அவர் எங்களுக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் எல்லாமே ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும்: “இன்னைக்கி வியாழக்கெழம. மணி ஆறு. மேலூர் தாண்டி நிக்கேன்.” அதற்குப் பிறகுதான் விஷயம். நாள், நேரம், இடம் சொல்லாமல் அவர் ஒரு யோசனையும் சொன்னதில்லை. அந்தக் காலத்தில் நாலு நாள் பழைய யோசனையை நம்பிப் போய்த் திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர்! எனக்கு யோசனை சொன்ன படித்த மனுஷர்கள் பலரும் எப்போது கேள்விப்பட்டது என்பதைச் சொல்லவே இல்லை. அண்ணாச்சி ஒருவர்தான் சொன்னார்.

கழிப்பறை விஷயத்தில் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், பெண்களுக்கு இன்றைக்கும் உதவும். “பளபளன்னு ஆளில்லாம இருக்க பங்க்குக்குள்ள போவாதீங்க, பூட்டித்தான் வச்சிருப்பான். லாரி வரிசையா நிக்க பங்க்குக்குப் போங்க. டிரைவர்மாரு குளிக்கணும்லா, அதுனால தண்ணி விட்டுத் தெறந்து வச்சிருப்பான். லேடீஸ் ரூம் சாவி மேசை மேல கெடக்கும். வெக்கப்படாம கேளுங்க.” அப்படியே நடந்தது. பெரம்பலூர் தாண்டி ஒரு பங்க்கில், ஒரு சின்னக் கட்டையில் கட்டித் தொங்கவிட்ட சாவியை எடுத்துக் கொடுத்த பையன், நாங்கள் கேட்காமலே ஒரு வாளி தண்ணீரையும் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, அம்மா வெளியே வரும்வரை அந்தப் பக்கம் யாரையும் விடாமல் நின்றான். தம்பி, உன் பெயரைக் கேட்டிருக்க வேண்டும். நீ இதைப் படிக்கப் போவதில்லை, இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

வண்டியைப் பற்றிச் சொன்னவர்கள் இரண்டு பேர். எங்கள் தெரு மெக்கானிக், மாதக்கணக்காக ஓடாத காரில் பேட்டரிக்கு முன்னால் எலியைத்தான் பார்க்க வேண்டும் என்றார். பானெட்டைத் திறந்தால் ஒயரைக் கடித்து, வேப்பங்குச்சி கொண்டுவந்து கூடே கட்டி வைத்திருந்தது. இரண்டாமவர், ஆர்டிஓ ஆபீசில் இருந்து ரிட்டயரான எதிர்வீட்டு மாமா. 2020 பிப்ரவரி 1 முதல் காலாவதியான லைசென்ஸ், ஆர்சி எல்லாம் டிசம்பர் 31 வரை செல்லும் என்று மத்திய அரசு சொல்லியிருந்தது. ஆனால் இன்சூரன்ஸ் அதில் சேராது, அதைப் புதுப்பிக்காமல் வண்டியை வெளியே எடுக்காதே என்று வீட்டு வாசலில் நின்று இரண்டு மீட்டர் தள்ளி அவர் கத்தியது தெருவுக்கே கேட்டது. அன்று மாலையே கட்டினோம்.

அதிகாலை மூன்றரைக்குக் கிளம்பினோம், அதுவும் அண்ணாச்சி குறித்த நேரம்தான். பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம் என்று டோல்கேட் ஒவ்வொன்றாகத் தாண்டினோம். நோட்டைத் தொட வேண்டாம் என்று ஃபாஸ்டேக் ஒட்டச் சொன்ன ஆபீஸ் தோழிக்கு ஒரு கும்பிடு. செப்டம்பர் பிறந்ததும் சில சாவடிகளில் கட்டணமும் ஏறியிருந்தது, அதைப் பற்றி என் வீட்டுக்காரர் துவரங்குறிச்சி வரை பேசினார்.

திருச்சியில் சித்தி. ‘வீட்டுக்குள்ள கூப்பிட மாட்டேன், தப்பா நெனைக்காதே’ என்று முந்தின நாளே சொல்லிவிட்டார். அவர் மாமியாருக்கு எண்பத்தைந்து வயது. பைபாஸ் ஓரம் ஸ்கூட்டியில் சித்தப்பாவோடு வந்து நின்று, காரின் டிக்கியில் அவரே ஒரு பையை வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டார். பையில் புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல், வாழை இலை நறுக்கு, ஒரு பாட்டில் மோர். அம்மாவுக்கு மட்டும் தனியாகக் கோதுமை ரவை உப்புமா, சர்க்கரை மாத்திரைக்குப் பிறகு நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்பதால். அக்காவும் தங்கையும் ரோட்டின் இந்த ஓரமும் அந்த ஓரமும் நின்று, மாஸ்க்குக்கு மேலே கண்ணைத் துடைத்துக்கொண்டே, “வத்தக்குழம்புல உப்பு தூக்கலா?” “புளியோதரைக்கு எதுக்குடி வத்தக்குழம்பு?” என்று லாரிச் சத்தத்துக்கு நடுவே பேசிக்கொண்டார்கள். சித்தி, விருந்து வைப்பது சுலபம். அப்படித் தள்ளி நின்றது உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எங்களுக்குத் தெரியும்.

மதுரையைத் தாண்டித் திருமங்கலத்தில் வலப்பக்கம் பிரிந்து டி.கல்லுப்பட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழி. நான்குவழிச் சாலையிலேயே போய்த் திருநெல்வேலி சுற்றலாமா என்று கேட்டதற்கு, வேண்டாம் என்று சொன்ன ராஜபாளையத்துக் கல்லூரித் தோழிக்கு நன்றி. பால்கோவா வாங்க நிற்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள். அவளே வாங்கிவைத்து, கடை வாசலில் நின்று ஜன்னல் வழியாக நீட்டினாள்.

மாவட்ட எல்லையில் வண்டியை ஓரங்கட்டச் சொன்ன போலீஸ்காரரும் என் பட்டியலில் உண்டு. பாஸ் கேட்பாரோ என்று அரசு அறிவிப்பை அச்செடுத்துக்கூட வைத்திருந்தேன். அவர் கேட்டது, “எங்க இருந்து? பாட்டிக்குக் காய்ச்சல் கீய்ச்சல் இருக்கா?” அவ்வளவுதான். இல்லை என்றதும், “ஊருக்குப் போனா ஒரு வாரம் வாசப்படி தாண்ட வேண்டாம்னு சொல்லுங்க. யாரும் சொல்றதுக்கு முந்தி நீங்களே இருந்துட்டா பேச்சு வராது” என்றார். வெயிலில் நிற்கிற மனுஷன், தெருவின் வாயையும் சேர்த்து யோசித்திருக்கிறார். அம்மா அதை அட்சரம் பிசகாமல் செய்தாள். எட்டாம் நாள் பக்கத்து வீட்டுக்காரம்மாவே தண்ணீர்க் குடத்தோடு வந்து பேச்சுக் கொடுத்தாராம்.

குற்றாலத்துக்கு எங்கள் பையன் அடம்பிடித்தான். குளிக்கத் தடை. சீசன் முழுக்க ஆள் தலையே இல்லாமல் விழுந்த அருவியை ரோட்டில் இருந்தே காட்டிவிட்டுத் திரும்பினோம்.

வாங்கியதில் கொஞ்சம் திருப்பியும் கொடுத்திருக்கிறோம். புனலூரில் மகளைக் கட்டிக்கொடுத்த எங்கள் ஊர் மதினி ஒருவர், கேரள எல்லையில் இருக்கும் புளியரை தாண்ட என்ன வேண்டும் என்று கேட்டார். தமிழ்நாட்டுக்குள் பாஸ் எடுத்தது கேரளாவுக்குள் செல்லாது, அவர்களுடைய ஜாக்ரதா தளத்தில் தனியாகப் பதிய வேண்டும் என்று அண்ணாச்சியிடம் கேட்டுச் சொன்னோம். ஊட்டிக்குக் கிளம்பிய ஆபீஸ் தம்பிக்கு, மற்ற ஊருக்கெல்லாம் பாஸ் வேண்டாம் என்றானாலும் நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு மூன்றுக்கும் வேண்டும் என்பதைச் சொல்லி மேட்டுப்பாளையத்தில் திரும்பி வராமல் காப்பாற்றினோம்.

இப்போது பொங்கலுக்குப் போகிறவர்களுக்கு, இது 2021 ஜனவரி முதல் வாரத்து நிலவரம்: ரயில் ஓடுகிறது, ஆனால் முன்பதிவு இல்லாமல் ஏற முடியாது. ஃபாஸ்டேக் கட்டாயம் என்பதைப் பிப்ரவரி 15 வரை தள்ளியிருக்கிறார்கள், இருந்தாலும் ஒட்டிவிடுங்கள். மாஸ்க் இல்லாவிட்டால் 200 ரூபாய். பானெட்டைத் திறந்து எலி பாருங்கள். மற்றதை நேற்று போய்வந்தவர் யாரிடமாவது கேளுங்கள், எங்களிடம் கேட்காதீர்கள். நாங்கள் போய்வந்தது செப்டம்பரில்.

அண்ணாச்சி நம்பர் வேண்டும் என்று பலர் கேட்கிறீர்கள். அவரிடம் கேட்டேன். “குடுங்க தாயி. ஆனா வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டேன், வாய்ஸ்ல கேட்டு வைக்கச் சொல்லுங்க” என்றார். தனியாகக் கேட்பவர்களுக்குத் தருகிறேன்.

அன்புடன்,
செங்கோட்டைக்காரம்மாவின் மகள்
தாம்பரம்