கிளட்ச் பிளேட்டை மாற்றும் முன்

ஆசிரியருக்கு,

களக்காட்டில் வாழைத்தார் ஏற்றும் பிக்கப்களில் கியர் விழாவிட்டால் கிளட்ச் பிளேட்டை மாற்ற உடனே கியர்பாக்ஸை இறக்கிவிடுகிறார்கள். பல நேரம் வீண் செலவு. பிளேட் தேய்ந்தால் இன்ஜின் இரையும், வண்டி இழுக்காது. அது வேறு கோளாறு.

முதலில் கிளட்ச் ஆயில் டப்பாவில் மட்டம் பாருங்கள். குறைந்திருந்தால் கியர்பாக்ஸ் பக்கம் கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்குங்கள். உள்ளே ஈரம் என்றால் அதன் ரப்பர் வாஷர் போய்விட்டது. கசிவே இல்லாமல், மிதித்துப் பிடித்த பெடல் மெல்ல இறங்கினால் பெடலோடு சேர்ந்த மாஸ்டர் சிலிண்டரில் கோளாறு. பஞ்சுபோல் அமுங்கி, நாலைந்து மிதியில் கெட்டிப்பட்டால் ஆயில் குழாயில் காற்று புகுந்திருக்கிறது.

அந்தக் காற்றை வெளியேற்ற, அதாவது ஏர் எடுக்க, இருவர் வேண்டும். ஒருவர் மிதித்துப் பிடிக்க, மற்றவர் ஸ்லேவ் சிலிண்டரில் காற்றை வெளியே விடும் நிப்பிளைத் திறந்து மூடிய பிறகே காலை எடுக்க வேண்டும். டப்பா காலியானால் மறுபடி முதலிலிருந்துதான். மூடியில் ஆயில் வகை டாட் 3 என்றோ டாட் 4 என்றோ இருக்கும்; அதை விட்டு இன்ஜின் ஆயில் ஊற்றினால் ரப்பர் ஊதிவிடும்.

– பிக்கப் மெக்கானிக்குகள், களக்காடு