பிரான்ஸ் செப்டெம்பரோடு பூட்டிவிடுவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கம்பிங் காரில், அதாவது படுத்துச் சமைக்க வசதியுள்ள வண்டியில், பிரான்சைச் சுற்றுவது பற்றி உங்கள் ஞாயிறு இதழின் பயணப் பக்கத்தில் வந்த கட்டுரையை நானும் மனைவியும் வாசித்தோம். படங்கள் அழகு, எழுத்தும் நல்லது. ஆனால் இரண்டு விஷயங்களை அப்படியே விட மனமில்லை. செப்டெம்பரோடு பிரான்சில் எல்லாம் பூட்டிவிடும், அதற்குப் பிறகு போய்ப் பயனில்லை என்கிறார் கட்டுரையாளர். இன்னோர் இடத்தில், ஆற்றங்கரையோ காட்டோரமோ பிடித்த இடத்தில் வண்டியை நிறுத்திப் படுக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள் என்கிறார். முதலாவது வெறும் பிழை. இரண்டாவது ஆபத்தான பிழை.

நாங்கள் பரிசுக்குப் பக்கத்தில் பொபினியில் இருக்கிறோம். நான் பரிஸ் உணவகங்களில் கோப்பை கழுவத் தொடங்கி, குசினிக்குள் படிப்படியாக அடுப்படிக்கு ஏறி, பென்சன் எடுத்தவன். அந்த வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், சனி ஞாயிறு என்று ஒன்று கிடையாது. இவ்வளவு காலம் இந்த நாட்டில் இருந்தும் நாங்கள் கண்ட பிரான்ஸ் பரிசில் எங்கள் சனத்தின் கடைத்தெருவான லாச்சப்பலும், ஓகஸ்ட் 15க்கு பஸ் பிடித்துப் போகும் லூர்து மாதா கோயிலும்தான். மிச்ச லீவெல்லாம் லண்டனில் கல்யாண வீடு, சுவிசில் சாமத்திய வீடு என்று போய்விடும். இங்கே எங்கள் வயதுக்காரர் பலருடைய கதையும் இதுவே. அதனால்தான் இந்தக் கடிதம் கொஞ்சம் நீள்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன இலையுதிர்காலத்தில் ஒரு வானை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டோம். ஃபியட் டுக்காட்டோ, உள்ளே கட்டிலும் அடுப்பும் சின்னக் கக்கூசும் வைத்து வீடாக மாற்றியது. ஆறு மீற்றருக்குச் சற்றுக் குறைந்த நீளம், இரண்டரை மீற்றருக்கு மேல் உயரம். மூன்றரைத் தொன்னைத் தாண்டாததால் சாதாரண கார் ஓட்டும் பெர்மியே (லைசென்ஸ்) போதும். ஓகஸ்ட்டில் கேட்கிற வாடகையை ஒக்டோபரில் யாரும் கேட்பதில்லை. பிள்ளைகள் இல்லாத பயணத்துக்குப் பள்ளி விடுமுறையும் தேவையில்லை.

பூட்டிவிடும் என்ற கதைக்கு வருகிறேன். பரிசிலிருந்து இரண்டு மணித்தியாலச் சொச்சத்தில் ஷாம்போர் அரண்மனை. முதலாம் பிரான்சுவா மன்னர் 1519இல் கட்டத் தொடங்கியது. எல்லாரும் கோபுரங்களைப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். ஆனால் அதைச் சுற்றியிருக்கும் வேட்டைக்காடு மட்டும் பரிஸ் நகரத்தின் அளவு, சுற்றுமதில் 32 கிலோமீற்றர். செப்டெம்பர் நடுப்பகுதியிலிருந்து ஒக்டோபர் நடுப்பகுதி வரை அங்கே ஆண் மான்கள் துணை தேடிக் கத்தும். பொழுதுபட்ட நேரம், காட்டுக்குள்ளிருந்து அடிவயிற்றுச் சத்தம். என் மனைவி முதலில் யாரோ மாடு அவிழ்த்து விட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தா. கோடையில் போனால் இது கிடைக்காது.

அப்புறம் தென்மேற்கே தோர்தோன் பக்கம். ஒக்டோபர் அங்கே வால்நட் மாதம். ஒரு பண்ணையில் தங்கினோம். விவசாயிகளும் வைன்காரரும் தங்கள் நிலத்தில் 24 மணித்தியாலம் இலவசமாக வண்டி நிறுத்த இடம் கொடுக்கும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது, பெயர் பிரான்ஸ் பசியோன், 1993இலிருந்து நடக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை கைநூலும் வண்டியில் ஒட்டும் ஸ்டிக்கரும் வாங்கிக்கொள்ள வேண்டும், போய் இறங்கியதும் வீட்டுக்காரருக்கு ஒரு வணக்கம் சொல்ல வேண்டும். சாமான் வாங்கு என்று யாரும் நெருக்குவதில்லை. நாங்கள் வாங்கினோம், அது வேறு கதை. மரத்தை மெஷின் பிடித்து உலுக்க, காய்கள் கொட்டி, கழுவி, காய வைக்கும் வரை நின்று பார்த்தோம். பச்சைத் தோல் பட்டு மனைவியின் விரல்கள் கறுத்துப்போய், சவர்க்காரம் போட்டும் லேசில் போகவில்லை. பக்கத்தில் மொந்தினியாக்கில் லாஸ்கோ குகை. 1940இல் பையன்கள் கண்டுபிடித்தது, மனித மூச்சில் ஓவியம் கெடுகிறது என்று 1963இல் மூடிவிட்டார்கள். இப்போது பார்ப்பது 2016இல் திறந்த முழு நகல். நகல்தானே என்று அலட்சியமாகப் போனவன் நான். ஆளில்லாத நேரம் அந்தக் காளைகளுக்குக் கீழே நிற்கக் கிடைத்ததால் எண்ணம் மாறிவிட்டது.

ஆனால் இந்தப் பயணத்துக்கு ஒக்டோபர்தான் வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் எஸ்பெலெத். பிரான்சின் பாஸ்க் பகுதியில், ஸ்பெயின் எல்லைக்குக் கிட்ட ஒரு சின்ன ஊர். வெள்ளைச் சுவர், சிவப்பு மரச்சட்டம் வைத்த வீடுகள். அந்தச் சுவர்களில் ஜன்னலுக்கு ஜன்னல் மிளகாயை நூலில் கோத்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள், கடை, வீடு என்ற வித்தியாசம் இல்லை. பிரெஞ்சு நாட்டில் செத்தல் மிளகாய் காயும் ஊர் ஒன்று இருக்கும் என்று லாச்சப்பலில் யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. அந்த ஊரும் சுற்றியுள்ளவையுமாகப் பத்து ஊர்களில் விளைந்தால்தான் அந்தப் பெயரில் விற்கலாம், 2000ஆம் ஆண்டு சட்டப்படி காப்பு வாங்கியிருக்கிறார்கள். ஒக்டோபர் கடைசி வார இறுதியில் மிளகாய்க்கு என்றே திருவிழா.

மனைவி ஒன்றை எடுத்து மணந்து, நுனியைக் கடித்து, கொஞ்சம் பொறுத்து, “இது காய்ந்த கறிமிளகாய்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டா. உறைப்பு என்று எங்கள் சனம் சொல்வது அதில் இல்லை, உண்மை. ஆனால் விற்ற அம்மா விடவில்லை. பழுத்ததைப் பறித்து, குறைந்தது பதினைந்து நாள் வைத்து, அதற்குப் பிறகு போறணையில் இட்டுக் காயவைத்துத்தான் அரைப்பார்களாம். அதைக் கேட்டதும் மனைவியின் முகம் மாறியது. மிளகாயை வறுக்காமல் இடித்த தூள் தூளே இல்லை என்ற கட்சி அவ. இரண்டு பேரும் ஆளுக்கு ஆள் கையைக் காட்டி, அரைகுறைப் பிரெஞ்சில் அரை மணித்தியாலம் தூள் பற்றிக் கதைத்தார்கள். நான் பக்கத்தில் பையோடு நின்றேன். விலை மட்டும் கேட்காதீர்கள். சின்னப் போத்தல் ஒன்றுக்கு நாங்கள் கொடுத்த காசில் லாச்சப்பலில் ஒரு வருடத்துத் தூள் வாங்கலாம். ஆனால் முட்டைப் பொரியலுக்கு அது அருமை, சொல்லத்தான் வேண்டும்.

சரி, இனி இரண்டாவது பிழை. பிடித்த இடத்தில் படுக்கலாம் என்பது. பிரான்சில் கம்பிங் காரும் மற்ற வண்டிகளைப் போல் ஒரு வண்டிதான். கார் நிறுத்த அனுமதி உள்ள இடத்தில், பலகை வைத்துத் தடுத்திராவிட்டால், நிறுத்தி உள்ளே நித்திரை கொள்ளலாம். ஆனால் கதிரை மேசையை வெளியே எடுத்துப் போட்டு, பந்தல் துணியை இழுத்தால் அது முகாம். கடற்கரையிலும் பாதுகாக்கப்பட்ட இடங்களிலும் முகாம் போடுவது சட்டப்படி தடை. ஊர் மேயரும் தன் பங்குக்குத் தடை போடலாம். கரையோர ஊர்களின் கார்ப் பார்க்குகளில் வாசலில் இரண்டு மீற்றர் உயரத்தில் ஓர் இரும்புச் சட்டம் போட்டு வைத்திருப்பார்கள். வானின் உயரத்தைக் கண்ணாடிக்குக் கீழே எழுதி ஒட்டிவிட்டுத்தான் வெளிக்கிட வேண்டும்.

அப்படியானால் எங்கே படுப்பது? இதைத்தான் கட்டுரையில் எழுதியிருக்க வேண்டும். கிட்டத்தட்ட 35,000 ஊராட்சிகள் உள்ள நாடு இது. மெரி என்று நாங்கள் சொல்லும் நகரசபைகள் பல, சின்ன ஊரானாலும், கம்பிங் காருக்கு என்று ஓர் இடம் ஒதுக்கியிருக்கின்றன. விளையாட்டு மைதானத்துக்குப் பின்னால், மயானத்துக்குப் பக்கத்தில், பழைய ரயில் நிலையத்தில் என்று எங்காவது இருக்கும். சில இலவசம், நாங்கள் காசு கொடுத்த இடங்களிலும் பெரும்பாலும் பத்து யூரோவுக்கு உள்ளேதான். ஒரு சீமெந்துத் தளம், நடுவில் இரும்புச் சல்லடை. வண்டியை அதன் மேல் ஏற்றி வண்டியின் அடியிலுள்ள குழாயைத் திறந்தால் குளித்த, கழுவிய தண்ணீர் இறங்கிவிடும். கக்கூஸ் பெட்டியைக் கொட்ட வேறு குழி, அதைக் கழுவ வேறு குழாய். குடிதண்ணீர்க் குழாய் தனி. இந்த இரண்டு குழாய்க்கும் ஒரே ரப்பர்க் குழாயைப் பாவிக்கும் ஆட்களை நான் கண்ணால் கண்டேன், அதனால் தண்ணீர் பிடிக்குமுன் குழாய்த் தலையை நன்றாகக் கழுவுங்கள். பல ஊர்களில் தண்ணீர்க் குழாயில் போட நாணயம் போன்ற ஒரு வில்லை வேண்டும், அது பாண் கடையிலோ மெரியிலோ கிடைக்கும். இரண்டு மூன்று யூரோ. திங்கட்கிழமை பாண் கடை பூட்டு, பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை மெரி பூட்டு. கட்டுரையாளர் சொன்ன பூட்டு இதுவாக இருந்தால் ஒப்புக்கொள்கிறேன்.

காட்டோரம் என்கிறார். செப்டெம்பரில் வேட்டைக்காலம் தொடங்கிவிடும். ‘சாஸ் ஆன் கூர்’ என்ற பலகையைக் கண்டால், அங்கே துவக்கோடு ஆட்கள் நிற்கிறார்கள் என்று அர்த்தம். ஞாயிறு காலையில் அந்தப் பாதையில் நடை போகக் கூடாது, போவதானால் செம்மஞ்சள் மேற்சட்டை. தெற்கே அர்தேஷ் பக்கம் செஸ்நட் தோட்டங்களும் அப்படியே திறந்து கிடப்பது போலத்தான் தெரியும். எல்லாம் சொந்தக்காரர் உள்ள நிலம், கீழே விழுந்ததைப் பொறுக்கினாலும் களவுதான். பொறுக்காதீர்கள் என்று பலகையே வைத்திருக்கிறார்கள்.

ஆற்றங்கரைக் கதைதான் எனக்குக் கோபம் வந்த இடம். கோடை முழுக்கச் சூடேறிய மத்தியதரைக் கடலிலிருந்து ஈரக்காற்று இலையுதிர்காலத்தில் வடக்கே ஏறி, தெற்குப் பிரான்சின் செவென் மலைகளில் முட்டி மேலே எழும்பி, அதே இடத்தில் மணிக்கணக்காகக் கொட்டும். மாதக்கணக்கில் பெய்ய வேண்டிய மழை சில மணித்தியாலங்களில் வந்துவிடும். அர்தேஷ், கார்தோன் போன்ற ஆறுகள் அப்போது மீற்றர் கணக்கில் உயரும். நாங்கள் நிற்கும் இடத்தில் ஒரு துளி இராது, மேலே மலையில் பெய்வது எங்களுக்குத் தெரியவும் தெரியாது. 1992 செப்டெம்பர் 22ஆம் திகதி வேசோன்-லா-ரொமேன் என்ற ஊரில் உவேஸ் ஆறு பெருகி, கரையிலிருந்த முகாம் மைதானத்தையும் வீடுகளையும் அள்ளிக்கொண்டு போனது. அந்த ஊரில் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். ரோமர் கட்டிய பழைய பாலம் தலைக்கு மேல் வெள்ளம் போயும் நின்றது, கரவன்கள் வந்து அதில்தான் மோதின.

எங்களுக்கு நவம்பர் தொடக்கத்தில் அர்தேஷில் ஓர் ஊரில் நடந்தது இது. மெரியே ஒதுக்கிய இடத்தில்தான் நின்றோம், ஆறு நல்ல தள்ளி. பின்னேரம் ஊராட்சி வேலையாள் ஒருவர் மழைக்கோட்டோடு வந்து ஒவ்வொரு வண்டியாகத் தட்டினார். செம்மஞ்சள் எச்சரிக்கை வந்துவிட்டது, மேலே மைதானத்துக்குப் போங்கள் என்றார். எங்களுக்குப் பக்கத்தில் நின்ற டச்சுக் கிழவனும் மனைவியும் சூப் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி, ஒருவர் மடியில் வைத்துக்கொண்டே ஏறினார்கள். அன்றிரவு கூரையில் விழுந்த மழையில் நித்திரை இல்லை. விடிய இறங்கிப் பார்த்தால், நாங்கள் நின்ற இடத்தில் சேறும் தடியும். அந்த மனிதர் வந்து தட்டினார், ஏனென்றால் நாங்கள் எங்கே நிற்கிறோம் என்று ஊருக்குத் தெரியும். யாருக்கும் தெரியாத ஆற்றங்கரை மறைவில் படுத்திருப்பவனை யார் வந்து தட்டுவது? அரசின் வானிலை நிலையமான மெத்தியோ பிரான்சின் எச்சரிக்கை வரைபடத்தில் பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று நாலே நிறம்தான். பிரெஞ்சு வாசிக்கத் தெரியாதவருக்கும் விளங்கும்.

மற்றவை சின்ன விஷயங்கள். ஒக்டோபர் கடைசி ஞாயிறு நேரம் மாறியதும் ஆறு மணிக்கு முன்னமே இருட்டிவிடும், நாலு மணிக்கே இடம் பிடித்துவிடுங்கள். நவம்பர் முதலாம் திகதியிலிருந்து மலைப்பகுதிகளில் பனிக்கால டயரோ சங்கிலியோ கட்டாயம், வாடகைக்காரரிடம் முதலே கேட்டு வாங்குங்கள். காஸ் சிலிண்டர் புரோப்பேன் எடுங்கள், பியூட்டேன் உறைபனியில் எரியாது. பனி தொடங்கியதும் பல ஊர்களில் தண்ணீர்க் குழாயைப் பூட்டிவிடுவார்கள், கிடைத்த இடத்தில் தாங்கியை நிரப்பிக்கொள்ள வேண்டும். மீன் பொரிப்பதும் தாளிப்பதும் வானுக்குள் வேண்டாம், கண்ணாடியெல்லாம் ஈரம் ஒழுகும் குளிரில் அந்த மணம் படுக்கையை விட்டுப் போகாது. இரண்டு மீற்றருக்கு மேல் உயரமென்றால் நெடுஞ்சாலையில் இரண்டாம் வகுப்புக் கட்டணம். திரும்பும்போது கிளெர்மோன் போகும் ஏ75 பாதையைப் பிடித்தால் மியோ பாலத்தைத் தவிர மற்ற இடமெல்லாம் இலவசம். பாலத்துக்குக் காசு கொடுக்கலாம், தப்பில்லை. 2004இல் திறந்தது, 343 மீற்றர் உயரம். நீங்கள் வாராவாரம் படம் போடும் ஈபிள் கோபுரம் 330தான்.

உங்கள் பத்திரிகையை இங்கே வாசிக்கும் எங்கள் வயதுக்காரருக்குப் பெர்மி இருக்கிறது, பென்சன் இருக்கிறது, நேரமும் இருக்கிறது. பிரெஞ்சில் எழுதியிருக்கும் பலகைதான் பயம். ஆகவே ஆற்றங்கரை பற்றிய அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். முடிந்தால் நகரசபை இடங்களில் தண்ணீர் பிடிப்பது, கொட்டுவது, வில்லை வாங்குவது பற்றிப் படத்தோடு அரைப்பக்கம் தமிழில் போடுங்கள். செப்டெம்பர் பிறக்குமுன் வந்தால் இந்த வருடமே சிலர் வெளிக்கிடுவார்கள்.

இப்படிக்கு,
பென்சன் எடுத்த குசினிக்காரன்,
பொபினி, பிரான்ஸ்