ஹாபிழ் ஆகிவிட்ட மகனின் வாப்பாவுக்கும் உம்மாவுக்கும்

அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் மகன் குர்ஆனின் 30 ஜுஸ்வையும் (பாகங்களையும்) மனனம் செய்து ஹாபிழ் ஆகிவிட்டான், அல்ஹம்துலில்லாஹ். மேடையில் தலைப்பாகை கட்டினார்கள்; சொந்தபந்தத்துக்கெல்லாம் விருந்து வைத்தீர்கள். ஜூன் பிறந்தால் அவன் ஒன்பதாம் வகுப்பில் போய் உட்காரப் போகிறான். ஹிப்ழு (குர்ஆன் மனனம்) வகுப்பு உஸ்தாதாக, அதாவது ஆசிரியராக, நான் உங்களிடம் கேட்க வந்திருப்பது அதற்குப் பிறகு வரும் மூன்று நான்கு வருடங்களைப் பற்றி. பாடம் செய்தது கைநழுவுவது அந்த வருடங்களில்தான்.

கட்டிப்போட்ட ஒட்டகம் தப்பி ஓடுவதைவிட வேகமாகக் குர்ஆன் நெஞ்சை விட்டுப் போய்விடும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது புகாரி ஹதீஸ் தொகுப்பில் பதிவாகியிருக்கிறது. மதரஸாவில் இருந்தவரை காலையில் சபக் (புதுப் பாடம்), பிறகு தவ்ர் (பழைய பாடத்தைத் திரும்ப ஓதுவது) என்று நாள் முழுக்க அவனுக்கு அதே வேலை. இப்போது பள்ளிக்கூடமும் டியூஷனும் அந்த நேரத்தை எடுத்துக்கொள்ளும். முதலில் பகரா, அஃராப் சூராக்களில் (அத்தியாயங்களில்) தடுமாறுவான். மூஸா நபியின் வரலாற்றில் சில வசனங்கள் இரண்டு சூராக்களிலும் ஏறக்குறைய ஒரே சொற்களில் வருவதால், இங்கே தொடங்கியவன் தன்னை அறியாமல் அங்கே போய்விடுவான். திருத்த ஆளில்லாவிட்டால் அந்தத் தவறே பாடமாகிவிடும். உங்களிடம் சொல்லவும் மாட்டான். ஊரே ஹாபிழ் என்று கூப்பிடும்போது, "மறந்துபோச்சு வாப்பா" என்று பதினைந்து வயதுப் பிள்ளைக்கு எப்படி வாய் வரும்?

அவன் ஓதுவதைக் கேட்க வீட்டில் ஓர் ஆள் வேண்டும். உம்மாவே உட்காரலாம். அர்த்தம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சின்ன வயதில் ஓதப்பள்ளியில் கற்றபடி பார்த்து ஓதத் தெரிந்தால் போதும். பஜ்ரு (அதிகாலைத் தொழுகை) முடிந்த பிறகு குர்ஆனை விரித்து வைத்துக்கொண்டு, அவன் ஓத ஓத விரலை ஓட்டி வாருங்கள். ஒரு ஜுஸ்வு சுமார் 20 பக்கம். தினம் பாதி ஜுஸ்வு ஓதினாலே இரண்டு மாதத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும். பிழை வந்தால் நிறுத்தித் திருத்துங்கள். "இத்தனை வருஷம் ஓதி என்ன பிரயோஜனம்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்விக்குப் பிறகு அவன் உங்கள் முன்னால் வாய் திறந்து ஓத மாட்டான்.

பள்ளிப் படிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதிவிட்டு, தன்னைவிட இளையவர்களோடு உட்காரும் பிள்ளைகள் நிறைய. கணக்கும் ஆங்கிலமும் அவர்களுக்கு மலைப்பாக இருக்கும். முதல் வருடம் மதிப்பெண்ணைப் பார்த்துக் கலங்காதீர்கள். நாள்தோறும் பல மணி நேரம் உட்கார்ந்து பாடம் செய்து பழகிய பிள்ளை அவன், எட்டிப் பிடித்துவிடுவான். அவன் கால்பந்து ஆட வேண்டும் என்றாலும், டாக்டராக வேண்டும் என்றாலும், "ஹாபிழுக்கு எதுக்கு இதெல்லாம்" என்று தடுப்பது எனக்கு மனவேதனை தருகிறது. குர்ஆனைச் சுமக்கிற நெஞ்சில் வேறு ஆசைக்கு இடமில்லை என்று மார்க்கம் எங்கே சொன்னது? உங்கள் ஆசைக்காக ஓதினவன் கல்லூரிக்குப் போனதும் விட்டுவிடுகிறான். தனக்காக ஓதுகிறவனை எந்தப் படிப்பும் தடுப்பதில்லை.

ரமலான் வந்தால் இன்னொரு நெருக்கடி. 2025-ல் பிளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச் 3-ல் தொடங்கியது. நோன்பும் அதே நாட்களில் வந்தது. அப்படிப்பட்ட வருடத்தில் 27 இரவுகளில் முழுக் குர்ஆனையும் ஓதித் தராவீஹ் (ரமலான் இரவுத் தொழுகை) தொழவைக்கச் சொல்லி அவனைத் தள்ளாதீர்கள். பள்ளிவாசல் ஜமாஅத்தார் கேட்டாலும் நீங்கள் அவன் பக்கம் நில்லுங்கள். இமாமுக்குப் பின்னால் நின்று பிழை எடுத்துக் கொடுக்கட்டும்; சில இரவுகள் வீட்டிலேயே உம்மாவையும் தங்கையையும் வைத்துத் தொழவைக்கட்டும். சஹருக்கு (நோன்பு வைக்குமுன் உண்ணும் உணவுக்கு) எழுப்புமுன் அவன் எத்தனை மணிக்குத் தூங்கினான் என்று பாருங்கள். தேர்வு முடிந்த மறுவருடம் முழுதாக ஓதலாம்.

பள்ளி திறப்பதற்கு முன் ஒருநாள் அஸர் (மாலைத் தொழுகை) முடிந்த பிறகு அவனையும் கூட்டிக்கொண்டு என்னிடம் வாருங்கள். எந்தெந்த ஜுஸ்வு பலவீனமாக இருக்கிறது என்று அவனே சொல்லட்டும். பள்ளிக்கு எவ்வளவு நேரம், தவ்ருக்கு எவ்வளவு, விளையாட்டுக்கு எவ்வளவு என்று அவன் கையாலேயே எழுதட்டும். நாம் மூவரும் அதில் கையெழுத்துப் போடுவோம்.

வஸ்ஸலாம்,
ஹிப்ழு வகுப்பு உஸ்தாத் ஒருவர்