பின்னால் வருவது எது?

ஆசிரியருக்கு, வணக்கம்.

உங்கள் வங்கித் தேர்வுப் பகுதியில் ‘ஃபாலோட் பை’ கணக்குகளுக்கு விடையோடு விளக்கமும் போடுங்கள். 5 7 3 8 7 3 என்ற வரிசையில், ‘7 இம்மீடியட்லி ஃபாலோட் பை 3’ எத்தனை? 7 முந்தி, 3 பிந்தி, விடை 2. என் மாணவர்கள் பலர் அந்தப் ‘பை’யைக் கவனிக்காமல் 3-க்கு அடுத்து 7-ஐத் தேடுகிறார்கள். கிடைக்காது. பூஜ்யம் என்று குறித்துவிடுகிறார்கள். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் வேறு கழிகிறது. ‘7 ஃபாலோஸ் 3’ என்று கேட்டால்தான் அந்தத் தேடல் சரி. கல்யாணப் பத்திரிகையில் ‘முகூர்த்தம் ஃபாலோட் பை லஞ்ச்’ என்றிருந்தால் மட்டும் ஒருவருக்கும் குழப்பம் வருவதில்லை! முன்னால் வருவது எது என்று கேட்கும் ‘பிரிசீடட் பை’ கணக்குகளையும் சேர்த்தே விளக்கினால் நல்லது.

– பயிற்சி வகுப்பு ஆசிரியர், திண்டுக்கல்